பையனின் மலச்சிக்கலுக்கு வாங்கினதில் எது உருப்படி: பெக் பவுடர், மணை, ப்ரோபயாடிக், அப்புறம் ஒரு 'குடல் பேக்கேஜ்'

மலத்தை இளக்குகிற பெக் பவுடருக்கு என் மார்க் ஐந்துக்கு நாலரை. அரை மார்க் ஏன் குறைத்தேன் என்று பின்னால் சொல்கிறேன். அதோடு வாங்கின மற்ற சாமான்களைப் பற்றியும், சொந்தக்காரர் பணம் கட்டிச் சேர்த்துவிட்ட ஒரு 'குடல் பேக்கேஜ்' சேவையைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஆட்டிசம் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இவை எல்லாம் ஒரே நேரத்தில்தான் வாசலுக்கு வரும், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எதற்குக் காசு கொடுக்கலாம் எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆன்லைனில் இந்தப் பவுடருக்குக் கீழே இருக்கும் ரிவியூ எல்லாம் பெரியவர்கள் எழுதினது. "ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லா வேலை செய்தது", "டெலிவரி லேட்". நமக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

யாருக்காக வாங்கினோம் என்று சொன்னால்தான் மார்க்குக்கு அர்த்தம். என் மகனுக்கு எட்டு வயது. சில வார்த்தைகள்தான் பேசுவான், வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். சாப்பாடு என்றால் தயிர் சாதம், ஒரே கம்பெனி பிஸ்கட், முறுக்கு, அப்பளம். வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மொறுமொறு என்று இருக்க வேண்டும். காய் கண்ணில் பட்டாலே தட்டு பறக்கும். வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை மோஷன் போவான், அதுவும் டாய்லெட்டில் போக மாட்டான், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க. நடுவில் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாதிரி கசிந்திருக்கும். பள்ளியில் அதை லூஸ் மோஷன் என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு அக்கா மாதுளைத் தோல் கஷாயம் கொடுக்கச் சொன்னார்.

அந்தக் கசிவு லூஸ் மோஷன் இல்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கெட்டியாக ஒரு உருண்டை உட்கார்ந்துவிடும், மேலே இருந்து வரும் இளக்கமான மலம் அதைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வழியும், மண் அடைத்த வாய்க்காலில் தண்ணீர் கரையோரமாகக் கசிவது மாதிரி. இதைப் பார்த்து வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் கெட்டியாகும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால், இந்த ரிவியூவில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்.

பவுடரை எழுதிக் கொடுத்தது ஒரு குழந்தைகள் டாக்டர், வயிறு குடல் பிரிவில் படித்தவர். பேர் போடவில்லை, அவர் இங்கே விளம்பரம் கேட்கிற ஆள் இல்லை. அதுவரை பார்த்த எல்லோரும் அவனுடைய தலை மோதலையும், இரவில் தூங்காமல் அழுவதையும், சோபாவின் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடப்பதையும் 'பிஹேவியர்' என்று ஃபைலில் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் நாங்கள் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்படிக் குப்புறப் படுக்கிறானே, இது சாப்பாட்டுக்கு அப்புறமா முன்னாடியா?" என்று கேட்டார். "அப்புறம்தான் டாக்டர்" என்றேன். அவனைத் தரையிலேயே படுக்க வைத்து, மொபைலைக் கையில் கொடுத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் கீழே என் கையை எடுத்து வைத்தார். கல் மாதிரி இருந்தது.

வாயால் சொல்ல முடியாத பிள்ளை வலியை வேறு எப்படிச் சொல்லும்? 2010-ல் அமெரிக்காவில் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் நிபுணர் குழு ஒன்று இதைத்தான் எழுதியது: ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் திடீரென்று முரட்டுத்தனம், தன்னைத் தானே அடித்துக்கொள்வது, தூக்கம் கெடுவது, விசித்திரமாக உடம்பை வளைப்பது எல்லாம் வந்தால் அது வயிற்று வலியாக இருக்கலாம், மற்ற குழந்தைக்குச் செய்கிற அதே பரிசோதனையை இந்தக் குழந்தைக்கும் செய்ய வேண்டும். 2014-ல் அதே இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிறு சம்பந்தப்பட்ட தொல்லை மற்றவர்களைவிட நாலு மடங்குக்கு மேல், மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் தனித்தனியே மூணு மடங்குக்கு மேல் என்று வந்தது. ஆக இது உங்கள் வீட்டு வளர்ப்பின் கோளாறு இல்லை. ஆனால் "ஆட்டிசம்னா இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிற விஷயமும் இல்லை.

சரி, பவுடர். முழுப் பெயர் பாலிஎத்திலீன் கிளைகால் 3350, மேக்ரோகால் என்றும் போட்டிருப்பார்கள். பல கம்பெனிகள் விற்கின்றன, சாஷேயாகவும் டப்பாவாகவும் வரும். இதன் மூலக்கூறு பெரிது, குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு கீழே போகும், மலம் இளகும். அவ்வளவுதான் வேலை. குடலை முறுக்கித் தள்ளுகிற மருந்து இல்லை. "தினமும் கொடுத்தால் பழகிவிடும், அப்புறம் இது இல்லாமல் போகவே மாட்டான்" என்று என் மாமியார் முதல் மெடிக்கல் ஷாப் அண்ணன் வரைக்கும் சொன்னார்கள். டாக்டர் சொன்னது வேறு: நீட்டிப்போன குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் நிறுத்தினால்தான் திரும்ப அடைக்கும். 2014-ல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்தப் பவுடரைத்தான் முதல் மருந்தாக வைத்திருக்கிறார்கள், குறைந்தது 2 மாதம் கொடுக்க வேண்டும், தொல்லை எதுவும் இல்லாமல் ஒரு மாதம் போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொன்னேன். "அப்போ சரி, ஆனா கண்ணு வை" என்றார். நியாயம்தான்.

இரண்டு கட்டமாகக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் பலருக்குத் தெரியவில்லை, ஒரு சாஷே கொடுத்துப் பார்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். அதற்கு அளவு கூட: அதே வழிகாட்டியில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள் வரை. அப்புறம் தினசரி அளவு, அது இதைவிட ரொம்பக் குறைவு, கிலோவுக்கு 0.4 கிராம் போல ஆரம்பித்து ஏற்றி இறக்குவார்கள். இதை இங்கே போடுவது உங்கள் டாக்டர் சொல்கிற அளவு புரிய வேண்டும் என்பதற்காகத்தான், நீங்களே கலக்கிக் கொடுப்பதற்காக இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்த ஒருவர்தான் எந்தக் கட்டம் என்று சொல்ல முடியும்.

அந்த முதல் கட்டத்துக்குப் பள்ளி விடுமுறையாகப் பாருங்கள். வீட்டில் பாய், போர்வை எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள், பழைய துண்டுகளை வெளியே எடுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது, கசிவு இன்னும் அதிகமாகும், "என்னடா இது, மோசமாகிவிட்டதே" என்று தோன்றும், அப்புறம் ஒரே நாளில் எல்லாம் நடக்கும். நான் விவரிக்கப் போவதில்லை. எவ்வளவு வந்தது என்று பார்த்துவிட்டு என் கணவர் பேசாமல் போய் அவனுக்குப் பிடித்த முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

சுவைதான் நம் பிள்ளைகள் விஷயத்தில் உயிர்நாடி. மற்ற குழந்தையை "கண்ணை மூடிக் குடி" என்று ஏமாற்றலாம், இவர்களை முடியாது. தண்ணீர் பாட்டிலின் மூடி மாறினாலே தெரிந்துவிடும். இதில் மூன்று வகை பார்த்தேன். உப்புகள் சேர்த்த வகை லேசாகக் கரிக்கும், அவன் முதல் வாயிலேயே துப்பிவிட்டான். ஆரஞ்சு, எலுமிச்சை ஃப்ளேவர் வகை செயற்கை வாசனையோடு இருக்கும், டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே தள்ளிவிட்டான். எதுவும் சேர்க்காத வெறும் பெக் பவுடர் மட்டும்தான் தப்பித்தது: வாசனை இல்லை, கொஞ்ச நேரம் வைத்தால் நிறம் இல்லாமல் முழுக்கக் கரையும், நாக்கில் லேசான ஒரு வழவழப்பு தவிர ஒன்றும் தெரியாது. ஸ்பூனால் அவசரமாகக் கலக்கினால் அடியில் தங்கும், அதனால் கலக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்து கொடுங்கள். மோரில் கலந்தோம், ஓடியது. சூடில்லாத ரசத்தில் கலந்தும் கொடுக்கலாம் என்று இன்னொரு அம்மா சொன்னார். தயிர் சாதத்தில் மட்டும் பவுடராகவே தூவாதீர்கள். அதற்குப் போதுமான தண்ணீர் வேண்டும், அதைவிட முக்கியம், பிள்ளை நம்பிச் சாப்பிடுகிற ஒரே சாப்பாட்டில் மருந்து கலந்து அவன் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சாப்பாடும் போய்விடும். அதை இழக்க நம்மால் முடியாது.

இப்போது அந்த அரை மார்க். நாங்கள் வாங்கினவற்றில் சாஷேயின் அளவு எல்லாம் பெரியவர்களுக்கானது, குழந்தைக்கு முக்கால் பங்கு, அரைப் பங்கு என்று கிழித்துக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. மீதியை மடித்துக் கிளிப் போட்டு வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குக் கட்டியாகிவிடும். உள்ளே அளவு மூடி உள்ள டப்பா கிடைத்தால் அதை வாங்குங்கள். இரண்டாவது, ஃப்ளேவர் இல்லாத வகையை மதுரையில் பல கடைகளில் வைப்பதில்லை, "இதேதாம்மா, கம்பெனிதான் வேற" என்று ஆரஞ்சைத் தள்ளிவிடுவார்கள். இதே இல்லை.

"பவுடர் இல்லை, சிரப் தரட்டுமா" என்று கொடுப்பது லாக்டுலோஸ். அதற்கு மூன்று மார்க். கெட்ட மருந்து இல்லை, பெக் கிடைக்காத இடத்தில் அதைத்தான் கொடுப்பார்கள், கைக்குழந்தைக்குக்கூட எழுதுகிறார்கள். ஆனால் பாகு மாதிரி இனிக்கும், இனிப்பு பிடிக்காத பிள்ளைக்குக் குமட்டும். குடலில் இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் வாயு சேரும். ஏற்கெனவே வயிறு உப்பி வலியில் இருக்கிற, வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு அது இன்னொரு தொல்லை. அவனுக்குக் கொடுத்த காலத்தில் சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான்.

மணை. ஆமாம், உட்கார்ந்து சாப்பிடுகிற மணைதான். இதற்கு ஐந்துக்கு ஐந்து, வீட்டில் சும்மா கிடந்தது, செலவும் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எட்டு வயதுப் பிள்ளையின் கால் தொங்கும், தொங்குகிற காலோடு முக்க முடியாது, நீங்களே உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து முயன்று பாருங்கள். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வர வேண்டும், பாதம் முழுக்க எதிலாவது ஊன்ற வேண்டும். இதற்கென்று வளைவாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் ஆன்லைனில் விற்கிறார்கள், அதையும் வாங்கினோம், ஈரத் தரையில் வழுக்கியது, அடியில் ரப்பர் ஒட்டியிருந்தது ஒரு மாதத்தில் கழன்றுவிட்டது, அவனுக்கு ஒரு தடவை கால் நழுவினதோடு பாத்ரூம் பக்கமே வர மறுத்துவிட்டான். திரும்ப அவனை அங்கே உட்கார வைக்க நாங்கள் பட்ட பாடு அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. பழைய பலா மரத்து மணை கனமாக இருக்கிறது, நகரவில்லை, வழுக்கவில்லை. ஒன்று போதவில்லை என்று இரண்டை அடுக்கி ஆணி அடித்தார் வீட்டுக்காரர்.

இந்தியன் டாய்லெட் இருந்தால் உட்காரும் விதம் இயல்பாகவே சரியாக வரும், மணையே வேண்டாம். ஆனால் பல பிள்ளைகளுக்கு அந்தக் குழியைப் பார்த்தாலே பயம், குந்தி உட்கார்ந்து சமநிலை பிடிப்பதும் சிரமம். என் மகனுக்குப் பயம் ஃப்ளஷ் சத்தத்தில். அவன் வெளியே வந்து கதவைச் சாத்தின பிறகுதான் நாங்கள் ஃப்ளஷ் செய்கிறோம், இப்போதும். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரம் பார்த்து உட்கார வைக்க வேண்டும், ஐந்து பத்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம், போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கே அவனுக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். அன்றாட வேலைகளைப் பழக்கிவிடுகிற எங்கள் ஓ.டி. (ஆக்குபேஷனல்) தெரபிஸ்ட் ஐந்து படம் வரைந்து பாத்ரூம் கதவில் ஒட்டச் சொன்னார்: கழற்று, உட்கார், ஊது, கழுவு, வெளியே வா. 'ஊது' என்றால் சோப்புக் குமிழி ஊதுவது. ஊதும்போது வயிறு தானாக உள்ளே அழுத்தும், முக்கு என்று அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பத்து ரூபாய்க் குமிழி டப்பா. இந்த மொத்த ரிவியூவிலும் காசு கொடுத்து வாங்கினதில் மலிவான பொருள் அதுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

ப்ரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது என்று விற்கிற பாக்டீரியா, அந்தச் சாஷேக்கு இரண்டு மார்க். வாங்கும்போது பெட்டியில் கோடிக்கணக்கில் எண்ணிக்கை போட்டிருந்தது. கொடுத்தோம், கெடுதல் எதுவும் தெரியவில்லை, நல்லதும் தெரியவில்லை. மேலே சொன்ன 2014 வழிகாட்டியே குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு ப்ரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. "ஆட்டிசப் பிள்ளைகளின் குடல் பாக்டீரியா வேறு, அதைச் சரி செய்தால் எல்லாம் சரியாகும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாக்டீரியாவில் வித்தியாசம் பார்த்த ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் 2021-ல் 'செல்' இதழில் ஆஸ்திரேலியக் குழு ஒன்று 247 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் ஆட்டிசத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நேரடித் தொடர்பு ரொம்பக் கொஞ்சம்தான் தெரிந்தது. பிள்ளைகள் ஒரே மாதிரிச் சாப்பாட்டையே சாப்பிடுவதால் பாக்டீரியாவின் வகை குறைகிறது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள், அதாவது காரணமும் விளைவும் தலைகீழ். தயிர் சாதமும் முறுக்கும் மட்டுமே சாப்பிடுகிற என் மகனைப் பார்த்தால் இது புரிய ஆய்வே வேண்டாம்.

இப்போது அந்தப் பேக்கேஜ். என் நாத்தனார் பாசத்தில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், அத்தை மனசு. சேவை நடத்துகிறவர்களின் பெயரையும் போடப் போவதில்லை, இந்த மாதிரி நிறைய இருக்கின்றன. வீடியோ காலில் பேசுவார்கள், ரத்தம் எடுத்து உணவு ஒவ்வாமை டெஸ்ட் செய்வார்கள், கோதுமையும் பாலும் இல்லாத டயட் சார்ட் தருவார்கள், அதற்கான மாவு, பிஸ்கட், ஒட்டகப் பால் பவுடர் எல்லாவற்றையும் அவர்களே விற்பார்கள். ஒரு மார்க். கூரியர் நேரத்துக்கு வந்தது, அதற்காக.

டெஸ்ட் ரிப்போர்ட் பல பக்கம், கலர் கலராக. சிவப்பில் இருந்தவை: அரிசி, பால், தயிர், கடலை, முட்டை, கோதுமை. அதாவது அவன் சாப்பிடுகிறது எல்லாமே. பச்சையில் இருந்தது சால்மன் மீன், ப்ரோக்கோலி. இது ஐ.ஜி.ஜி. என்கிற எதிர்ப்பொருளை அளக்கிற டெஸ்ட். ஒரு உணவை நாம் அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு எதிராக இது உடம்பில் இருப்பது இயல்பு, ஒவ்வாமைக்கு அடையாளம் இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவச் சங்கம் 2008-லேயே இந்த வகை டெஸ்டை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று அறிக்கை விட்டிருக்கிறது. அப்படியிருந்தும் எட்டு வயதுப் பிள்ளையின் கையில் ஊசி குத்தி, அவனைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வேண்டியிருந்தது, கிடைத்தது அவனுடைய மெனு கார்டு.

டயட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது முழுக்க மோசடி என்று நான் சொல்லவில்லை. கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்கிற புரதமும் பாலில் உள்ள கேசீன் என்கிற புரதமும் சரியாகச் செரிக்காமல், போதை மாதிரி வேலை செய்கிற பொருளாக மாறி மூளைக்குப் போகிறது என்று ஒரு கருத்து ரொம்ப வருஷமாக இருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள பையன்களின் சிறுநீரில் அந்தப் பொருள்களைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2016-ல் அமெரிக்காவில் ராசெஸ்டரில் 14 குழந்தைகளுக்கு இந்த டயட்டைக் கொடுத்து, பெற்றோருக்கும் பரிசோதிப்பவர்களுக்கும் தெரியாமல் நடுநடுவே க்ளூட்டனையும் கேசீனையும் சேர்த்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் தூக்கத்திலும் மோஷனிலும் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் எந்தப் பக்கமும் தெரியாமல் சோதித்தால் இப்படித்தான் வருகிறது.

நிஜமாகவே கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு, சீலியாக் என்று பெயர், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். அதற்கு ஒழுங்கான ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் செய்ய வேண்டும். முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் இல்லை என்று வந்துவிடலாம். பேக்கேஜ்காரர்கள் நிறுத்தச் சொன்னார்கள், இந்த டெஸ்ட் பேச்சையே எடுக்கவில்லை. அதே மாதிரிப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்கள் நம் ஊரில் ஏராளம், பால் குடித்ததும் வயிறு உப்பி லூஸாகப் போனால் அதைச் சந்தேகிக்கலாம், அதற்கும் ஒட்டகத்துக்கும் சம்பந்தமில்லை. ஒட்டகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: பாலில் உள்ள கேசீன் விஷம் என்று தயிரைப் பிடுங்கிவிட்டு, ஒட்டகப் பால் பவுடரை விற்கிறார்கள். ஒட்டகப் பாலிலும் கேசீன் இருக்கிறது. வீடியோ காலில் இதைக் கேட்டேன். "அது வேற கேசீன் மேடம்" என்றார்கள். நீங்கள் விற்கிறதில் பெருங்காயம் சேர்த்த வடகம் இருக்கிறதே, கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்துதானே வரும், அது பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. நெட்வொர்க் பிரச்சினையாகக்கூட இருக்கலாம்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் கோதுமையை நிறுத்துவது பெரிய கஷ்டமே இல்லை, இட்லி தோசை சாதம் என்று ஓடிவிடும். பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் போனால் போச்சு. தயிரை எடுப்பதுதான் எங்களுக்கு இடித்தது. என் மகன் சாப்பிடுவதே நாலு ஐட்டம், அதில் இரண்டைப் பிடுங்கினால் அவன் ப்ரோக்கோலிக்கு மாறப் போவதில்லை, பட்டினிதான் கிடப்பான். கிடந்தான். எடை இறங்கியது, பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, குடல் டாக்டர் பார்த்துவிட்டு "யார் தயிரை நிறுத்தச் சொன்னது?" என்று கோபப்பட்டார். மறுபடியும் தயிர் சாதம் கொடுத்த அன்று அவன் தட்டை நக்கினான். அந்த டயட்டால் தங்கள் பிள்ளைக்கு நல்லது நடந்தது என்று சொல்லும் பெற்றோரை நான் பொய் என்று சொல்லவில்லை, சரியான டெஸ்ட்டும் பக்கத்தில் ஒரு டயட்டீஷியனும் இருந்தால் செய்து பாருங்கள். இப்படிக் கூரியரில் வேண்டாம்.

கைவைத்தியமும் உண்டு. மலைவாழைப்பழம், ஊறவைத்த உலர் திராட்சை எல்லாம் சாப்பிடுகிற பிள்ளைக்கு நல்லதுதான், கொடுங்கள். விளக்கெண்ணெய் வேண்டாம், வயிற்றை முறுக்கும், அந்த வலி அவனுக்கு டாய்லெட்டோடு சேர்ந்து ஞாபகத்தில் தங்கிவிடும். பின்பக்கம் சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு, எனிமா இவற்றைப் பிடித்துவைத்துச் செய்யவே செய்யாதீர்கள். தொடுவதே பிடிக்காத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசியுங்கள். டாக்டர் அவசியம் என்று சொன்னால் அது வேறு.

பவுடரை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, காய்ச்சலோடு வயிறு உப்பிக் கல்லாவது, எடை குறைந்துகொண்டே போவது இதெல்லாம் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி. முரட்டுத்தனத்தைக் குறைக்க எழுதுகிற ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் அதையும் குடல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவே மலச்சிக்கலைக் கொண்டுவரலாம். இரண்டு டாக்டரும் ஒருவர் எழுதினதை மற்றவர் பார்ப்பதில்லை, சீட்டைத் தூக்கிக்கொண்டு போவது நம் வேலை. நாங்கள் பிரிஸ்டல் சார்ட் என்கிற படத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம், ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் 1, முழுக்கத் தண்ணீராக இருந்தால் 7. தினமும் காலண்டரில் எண் மட்டும் எழுதுவோம். டாக்டருக்கு அரைமணி நேரம் கதை சொல்வதைவிட அந்தக் காலண்டர் தாளைக் காட்டுவது சுலபம், அவரும் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கு அதைத்தான் பார்க்கிறார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இப்போது தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறான், டாய்லெட்டிலேயே. கசிவு நின்றுவிட்டது, பள்ளியில் ஜட்டி மாற்ற வேண்டியதில்லை. இரவில் தூங்குகிறான், நாங்களும் தூங்குகிறோம். தலை மோதுவது ரொம்பக் குறைந்திருக்கிறது, மொத்தமாக நிற்கவில்லை, சத்தமான இடத்துக்குப் போனால் இன்னும் உண்டு. சாப்பாட்டில் புதிதாக வந்தது ஒன்றே ஒன்று, சுட்ட அப்பளத்தோடு கொஞ்சம் பருப்பு சாதம். பேச்சு வந்ததா, ஆட்டிசம் குறைந்ததா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. அதற்காக வாங்கவும் இல்லை. பெட்டியில் அப்படி எழுதியும் இல்லை, அந்தப் பேக்கேஜ் விளம்பரத்தில்தான் எழுதியிருந்தது.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: டாக்டர் சீட்டில் 'ஃப்ளேவர் இல்லாதது, உப்பு சேர்க்காதது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே தடவையில் நிறைய வாங்காதீர்கள், முதலில் ஒன்று வாங்கிப் பிள்ளை குடிக்கிறானா என்று பாருங்கள். டப்பாவைத் திறந்தால் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி இறுக்க மூடி வையுங்கள், அளவு மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த வழுக்குகிற பிளாஸ்டிக் ஸ்டூல் எங்கள் வீட்டில் இப்போது துளசிச் செடிக்கு அடியில் இருக்கிறது, அந்த வேலைக்கு அது நாலு மார்க்.